எடிசன் திறந்து பார்த்த செல்கள்

எடிசன் என்றால் நமக்கு பல்பு. பள்ளிக்கூடப் புத்தகம் அப்படித்தான் பழக்கிவிட்டது. பல்பு எரியும் வரை ஆயிரக்கணக்கான தடவை தோற்றார், மனம் தளரவில்லை என்று ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் எல்லா கிளாஸ் குரூப்பிலும் வரும். அந்தக் கதைக்கு வேர் வேற இடத்துல இருக்கு. எடிசன் உயிரோடு இருக்கும்போதே, 1910-ல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றில், அவருடைய உதவியாளர் ஒருவர் சொன்னதாக அது வருகிறது. அதில் பேச்சு பல்பைப் பற்றி இல்லை. மின்சாரக் காருக்காக அவர் செய்துகொண்டிருந்த பேட்டரியைப் பற்றி. ஒன்பதாயிரம் சோதனைகள் தாண்டியும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை என்பதுதான் சங்கதி.

பல்புக்கு அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் போதுமாக இருந்தது. பேட்டரிக்குப் பத்து வருஷம் போச்சு. ஈவி கிளப்பில் பேட்டரி பேக் கட்டுகிற நம்ம ஆட்கள் படிக்க வேண்டிய எடிசன் இந்த இரண்டாவது ஆள்தான்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-ல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மிலன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான், மீதி அம்மாவிடம் படித்தது. சின்ன வயதிலேயே காது மந்தம். ரயிலில் பேப்பர் விற்றார், அப்புறம் தந்தி ஆபரேட்டர் ஆனார். 1867-ல் லூயிவில் நகரத் தந்தி அலுவலகத்தில் ராத்திரி ஷிஃப்டில் பேட்டரி வைத்து ஏதோ சோதனை செய்யும்போது கந்தக அமிலம் தரையில் கொட்டிவிட்டது. மரத்தரை. பலகை இடுக்கு வழியாக அமிலம் கீழ்மாடியில் இருந்த மேலதிகாரியின் மேஜை மேலே ஒழுகியது. மறுநாள் காலையில் வேலை போச்சு. ஈய-அமில பேட்டரி மேல் அவருக்குக் கடைசி வரை இருந்த வெறுப்புக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல தொடக்கம்.

1876-ல் நியூ ஜெர்சியின் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அடுத்த வருஷம் டெலிபோனுக்கான கார்பன் டிரான்ஸ்மிட்டர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும், ஏன்னா பின்னால் நடக்கப்போவதுக்கு இது முக்கியம். புகைக்கரியை அழுத்தி ஒரு பொத்தான் மாதிரி செய்தால், அதை மேலும் அழுத்தும்போது மின்தடை குறையும், அழுத்தத்தை விட்டால் கூடும். குரலின் அதிர்வு அந்தப் பொத்தானை அழுத்தி விட, கரண்ட் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. அழுத்தத்தை மின்தடையாக மாற்றும் கருவி. இன்றைக்கு நம்ம லேபில் பிரஷர் சென்சார் என்று எடுத்து வைக்கிற பலவற்றுக்கும் இதுதான் தாத்தா.

அந்தச் சோதனைகளின்போது எடிசன் இன்னொன்றையும் கவனித்தார். டெலிபோனின் கெட்டி ரப்பர் கைப்பிடி, பிடித்திருக்கும் கையின் சூட்டுக்கே விரிகிறது, அந்த விரிவு பொத்தானை அழுத்திவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் இதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் அதையே ஒரு கருவியாக்கினார். சூடு பட்டதும் விரியும் ஒரு ரப்பர் பட்டை, அது அழுத்துகிற கார்பன் பொத்தான், மாறுகிற மின்தடையைக் காட்ட ஒரு கால்வனோமீட்டர். பெயர் டேசிமீட்டர். வானியலாளர் சாமுவேல் லாங்லி, விண்பொருள்களிலிருந்து வரும் மிகச் சிறிய வெப்பத்தை அளக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார், அதற்கான பதில் இது.

1878 ஜூலை 29-ல் முழு சூரிய கிரகணம். வயோமிங்கின் ராலின்ஸ் என்ற ரயில்வே ஊருக்கு ஹென்றி டிரேப்பரின் குழுவோடு எடிசனும் டேசிமீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். பலத்த காற்று, கருவி ஒரு இடத்தில் நிலைக்கவே மாட்டேன் என்றது. கிரகணத்தின் அந்தச் சில நிமிடத்தில் சூரியனின் ஒளிவட்டத்துக்கு நேராகத் திருப்பியதும் முள் அளவுகோலைத் தாண்டி ஓடிவிட்டது. வெப்பம் வருகிறது என்று தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. கேலிபிரேஷன் இல்லாத சென்சாரின் கதி. அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. சில மாதத்தில் பல்பு வேலைக்குத் திரும்பிவிட்டார். லாங்லி தனியாக போலோமீட்டர் என்று ஒன்றைச் செய்துகொண்டார்.

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் ஸ்டிரீட் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. கரண்ட் கொடுத்தாச்சு, பில் போடுவது எப்படி? எடிசனின் மீட்டரில் முள் கிடையாது, எண் கிடையாது. ஒரு ஜாடியில் துத்தநாகக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடு. வீட்டுக்குப் போகும் கரண்டில் ஷண்ட் வழியாகப் பிரிந்த ஒரு சின்னப் பங்கு அந்த ஜாடிக்குள் பாயும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் படியும். மாசத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து தகட்டை எடுத்துப் போய் எடை போடுவார். எடை வித்தியாசத்திலிருந்து ஆம்பியர்-மணி. ஃபாரடே விதியை இதைவிட நேரடியாக வீட்டுக்குள் கொண்டுவந்தவர் யாரும் இல்லை. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடக்கூடாது என்று பெட்டிக்குள் ஒரு பல்பு, வெப்பம் குறைந்தால் அது தானாக எரியும்படி ஒரு ஏற்பாடு. இன்றைய பிஎம்எஸ்-இல் ஷண்ட் வைத்து கூலம் எண்ணுகிறோமே, அதன் முழு யோசனையும் இந்த ஜாடிக்குள் இருக்கிறது. வெப்பநிலைத் தொல்லை உட்பட.

முதல் மனைவி மேரி 1884-ல் இறந்தார், 1886-ல் மீனா மில்லரைக் கல்யாணம் செய்துகொண்டார், 1887-ல் வெஸ்ட் ஆரஞ்சில் பெரிய ஆய்வுக்கூடம். மாறுதிசை மின்சாரத்துக்கு எதிராக அவர் நடத்திய சண்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுவோம். 1890-களில் இரும்புத் தாதுவைக் காந்தத்தால் பிரிக்கிறேன் என்று ஆக்டன் என்ற இடத்தில் பெரிய ஆலை போட்டு, கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியை அங்கேயே புதைத்தார். 1899-1900 வாக்கில் அதை மூடும்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டில் கார்கள் வர ஆரம்பித்தன. 1900-ல் அமெரிக்காவில் செய்த கார்கள் மொத்தம் சுமார் 4,200. அதில் 1,575 மின்சாரக் கார். பெட்ரோல் கார்களைவிட அதிகம். நீராவிக் காரும் மின்சாரக் காரும்தான் போட்டி என்று பலர் நினைத்த காலம். மின்சாரக் காரின் நோய் என்ன என்றும் எல்லாருக்கும் தெரியும். 1859-ல் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரி. கனம் அதிகம், குலுக்கலில் தகடு உதிரும், அமிலம் பக்கத்து இரும்பைத் தின்னும். எடிசன் அமிலத்தையே விட்டுவிட முடிவு செய்தார். காரக் கரைசல், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எதிர்முனைக்கு இரும்பு, நேர்முனைக்கு நிக்கல் ஹைட்ராக்சைடு. ஒரு செல் 1.2 வோல்ட். ஸ்வீடனில் வால்டெமார் யுங்னரும் அதே நேரத்தில் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார், இருவருக்கும் காப்புரிமைத் தகராறும் நடந்தது. எடிசன் ஒருத்தர்தான் கண்டுபிடித்தார் என்று எழுதினால் யுங்னருக்கு அநியாயம்.

1901-ல் கம்பெனி ஆரம்பித்தாச்சு. 1902-ல் பிரபலமான ஒரு பத்திரிகையில் தன் பேட்டரியைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பொருள் தயாராகும் முன்பே விளம்பரம் செய்துவிடும் பழக்கம் அவரிடம் எப்போதும் உண்டு. ‘ஈ’ வகை செல் கார்களில் ஏறி நியூ ஜெர்சியின் மோசமான ரோடுகளில் ஆயிரக்கணக்கான மைல் ஓடியது. அப்புறம் விற்பனைக்கு வந்தது. நிக்கல் பூசிய எஃகு டப்பா, பார்க்கவே பளபளவென்று.

1904-ல் புகார்கள் வர ஆரம்பித்தன. சில டப்பாக்கள் பற்றவைத்த ஓரத்தில் கசிந்தன. அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, கசியாத, வெளியே எந்தக் குறையும் தெரியாத செல்களில் இருந்தது. சில நல்லாவே ஓடின. சிலவற்றில் சேமிக்கும் திறன் கால் பங்குக்கும் மேல் காணாமல் போயிருந்தது. ஒரே ஆலை, ஒரே கலவை, ஒரே ஆட்கள். எது கெடும், எது கெடாது என்று வெளியே இருந்து சொல்ல வழியே இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் இருந்தது ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர். அதுவும் மொத்த பேட்டரிக்கு. வரிசையாகக் கோர்த்த பல செல்களில் ஒன்று சோர்ந்துபோவதை அந்த முள் காட்டவே காட்டாது, காட்டும்போது காலம் கடந்திருக்கும்.

எடிசன் விற்பனையை நிறுத்தினார். விற்ற செல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்புறம் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். டப்பாவை வெட்டித் திறந்து பார்ப்பது. திறந்த செல் செத்த செல். சார்ஜ் ஏறும்போது அதற்குள் என்ன நடந்தது என்று அது சொல்லாது, கடைசியில் எந்த நிலையில் கிடந்தது என்று மட்டும் சொல்லும். அதனால் ஒரே மாதிரி நிறைய செல் செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு சுற்றுகள் ஓட்டி, வரிசையாக வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான சோதனை என்று சொல்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்தக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவும் வேலை.

மெல்லத் தெரிந்த காரணம் இது. நிக்கல் ஹைட்ராக்சைடு தனியாக மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கிராஃபைட் துகளைக் கலந்து தட்டையான பைகளில் அடைத்திருந்தார்கள். சார்ஜ், டிஸ்சார்ஜ் என்று மாறி மாறிப் போகும்போது அந்தப் பொருள் உப்பிச் சுருங்குகிறது. பை புடைக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போகிறது. போதாக்குறைக்கு கிராஃபைட்டும் மெல்ல அரிக்கப்படுகிறது. வேதிப்பொருள் அங்கேயேதான் இருக்கு, ஆனால் கரண்ட் அதை எட்டவில்லை.

யோசித்துப் பாருங்க. உப்புதல், அழுத்தம், மின்தடை. இந்த மூன்றையும் ஒரே பொத்தானில் கோர்த்து 26 வருஷம் முன்னால் சூரியனுக்கு நேராகத் திருப்பியவர் இவர்தான். அந்தப் பொத்தானை ஒரு செல்லின் சுவரில் ஒட்ட அவருக்குத் தோன்றியதற்கு அடையாளம் எதையும் நான் படித்ததில் பார்க்கவில்லை. தோன்றியிருந்தாலும் காரக் கரைசலுக்குள் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும், முள்ளை யார் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

உள்ளே பார்க்க இன்னொரு வழியும் அவர் கையில் இருந்து போனது. 1896-ல், எக்ஸ்-கதிர் செய்தி வந்த சில மாதத்திலேயே, கால்சியம் டங்ஸ்டேட் திரை வைத்து ஃப்ளூரோஸ்கோப் செய்தவர் எடிசன். அந்த வேலையில் கூடவே இருந்த உதவியாளர் கிளாரன்ஸ் டாலி. குழாயின் முன்னால் கையை வைத்து வைத்தே சோதித்தவர். புண் வந்தது, கைகளை வெட்ட வேண்டியதாயிற்று, 1904-ல் இறந்தார். எடிசன் அதற்கு முன்பே எக்ஸ்-கதிர் வேலையைக் கைவிட்டிருந்தார், அதன் பக்கம் போகவே பயந்தார். செல் புகார்கள் வந்ததும் அதே வருஷம். இன்று பேட்டரி ஆய்வுக்கூடங்களில் செல்லை வெட்டாமல் எக்ஸ்-கதிர் சிடி எடுத்துத் தகடு கோணலாக இருக்கா, புடைத்திருக்கா என்று பார்ப்பது சாதாரண வேலை.

அளக்க வழியில்லாததால் எடிசன் உப்புதலை அடக்க வழி தேடினார். தட்டைப் பை போய்விட்டது. அதற்குப் பதில் பென்சில் கனத்தில் துளையிட்ட எஃகுக் குழாய், அதைச் சுற்றி இடைவெளி விட்டு எஃகு வளையங்கள், உப்பினாலும் புடைக்காதபடி. கிராஃபைட்டுக்குப் பதில் நிக்கல் செதில். அதைச் செய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு உருளையில் செம்பு ஒரு படலம், நிக்கல் ஒரு படலம் என்று மாற்றி மாற்றி மின்முலாம் பூசுவார்கள். நூற்றுக்கும் மேல் படலம் சேர்ந்ததும் உரித்து, பொடிச் சதுரங்களாக வெட்டி, செம்பை மட்டும் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது காற்றில் பறக்கும் அளவு மெல்லிய நிக்கல் செதில்கள். குழாய்க்குள் கொஞ்சம் நிக்கல் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் செதில், இடி. மறுபடி கொஞ்சம், மறுபடி இடி. ஒரு விரல் நீளக் குழாயில் நூற்றுக்கணக்கான அடுக்கு.

கரைசலில் லித்தியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் சேர்த்தால் திறனும் ஆயுளும் கூடுவதையும் கண்டுபிடித்தார். அதற்கான காப்புரிமை 1908-ல் கிடைத்தது. லித்தியம் அயன் செல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, குழப்பிக்க வேண்டாம். ஆனால் மின்சாரக் காரின் பேட்டரிக்குள் லித்தியம் போனது எலான் மஸ்க் பிறப்பதற்கு 60 வருஷத்துக்கும் முன்னாலேயே.

‘ஏ’ வகை செல் 1909-ல் வெளியே வந்தது. அதற்கு முன் செல்களைத் தூக்கித் தூக்கிப் போடும் இயந்திரத்தில் லட்சக்கணக்கான தடவை குலுக்கினார்கள். மாடி ஜன்னலிலிருந்து கீழே எறிந்தும் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். செல் தாங்கியது. டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்களில் ஏறியது. ஓட்டுபவருக்கு உதவியாக ஆம்பியர்-மணி மீட்டரும் அந்தக் கால மின்சாரக் கார்களில் வர ஆரம்பித்தது.

ஆனால் 1908-லேயே ஃபோர்டின் மாடல் டி வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, ஃபோர்டு எடிசன் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். 1896-ல் ஒரு விருந்தில் அவருடைய பெட்ரோல் வண்டி யோசனையைக் கேட்டு மேஜையைத் தட்டி ஊக்கப்படுத்தியவரே எடிசன்தான். 1912-ல் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும், கைப்பிடி சுற்றும் கஷ்டம் போனது, பெட்ரோல் கார் வீட்டுக்கு வீடு போனது. அந்த ஸ்டார்ட்டருக்குக்கூட எடிசன் செல் உதவவில்லை. உள்மின்தடை அதிகம், ஒரே அடியில் பெரிய கரண்ட் கொடுக்காது, குளிரில் இன்னும் மோசம். ஈய-அமிலமே ஜெயித்தது. 1914 வாக்கில் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து விலை குறைந்த மின்சாரக் கார் செய்வதாகப் பேச்சு அடிபட்டது, மாதிரி வண்டிகளும் செய்தார்கள். விற்பனைக்கு எதுவும் வரவில்லை.

எடிசன் செல் வேறு வேலைகளுக்குப் போனது. ரயில் பெட்டி விளக்கு, சிக்னல், சுரங்கத் தொழிலாளியின் தலைவிளக்கு, டெலிவரி வண்டிகள். நல்ல லாபமும் வந்தது. அப்புறம் நீர்மூழ்கிக் கப்பல். ஈய-அமில பேட்டரியில் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு வரும், உள்ளே இருப்பவர்கள் மூச்சுமுட்டிச் சாவார்கள். எடிசன் செல்லில் அமிலமே இல்லை, குளோரின் பயமும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஈ-2 நீர்மூழ்கியில் பொருத்திப் பார்க்க முடிவாகியது. எடிசன் அப்போது கடற்படை ஆலோசனைக் குழுவின் தலைவரும்கூட.

1916 ஜனவரி 15. நியூயார்க்கின் புரூக்ளின் கப்பல் தளத்தில் ஈ-2 நின்றிருந்தது. பேட்டரியைக் காலி செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வெடித்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் சிலர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். குளோரின் இல்லை, ஹைட்ரஜன்.

நிக்கல்-இரும்பு செல் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை விடும் என்பது தெரிந்த விஷயம். காலியாகும்போது எங்கிருந்து வரும்? வரிசையில் கோர்த்த செல்களைப் பூஜ்யம் வரைக்கும் இறக்கினால், எல்லாம் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைத் தொடாது. பலவீனமானது முதலில் தொடும். மற்றவை இன்னும் கரண்ட் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த ஒரு செல் துருவம் மாறி, எதிர்ப்பக்கம் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், வாயுவும் விட ஆரம்பிக்கும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். விசாரணையில் கடற்படை ஒரு பக்கம், எடிசன் ஆட்கள் ஒரு பக்கம். காற்றோட்டம் சரியில்லை என்று இவர்கள், பேட்டரியே ஆபத்து என்று அவர்கள். என்னைக் கேட்டால் இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கு. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாமல் போன பொருள், செல்லுக்கு ஒரு வோல்ட்மீட்டரும், காற்றில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று கத்துகிற ஒரு கருவியும்தான். கடற்படை எடிசன் செல்லை விட்டுவிட்டு மறுபடி ஈய-அமிலத்துக்கே திரும்பியது.

இப்போது நாம் கட்டுகிற லித்தியம் அயன் பேக்கில் வரிசையில் உள்ள ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பிஎம்எஸ் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று கீழ் எல்லையைத் தொட்டாலே முழு பேக்கையும் துண்டித்துவிடுகிறது. ஈ-2-இல் நடந்தது அந்த வகையில் நடக்காது. ஆனால் வெப்பத்துக்கு, பெரும்பாலும் சில தெர்மிஸ்டர்களைச் செல்களின் வெளித்தோலில் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். வேகமாகக் கரண்ட் இழுக்கும்போது செல்லின் நடு, தோலைவிடச் சூடாக இருக்கும். உப்புதலையோ பெரும்பாலான பேக்குகள் இன்னும் அளப்பதில்லை. கிராஃபைட் லித்தியத்தை வாங்கும்போது சுமார் 10 சதவீதம் உப்பும், சிலிக்கான் மூன்று மடங்கு வரை உப்பும். எடிசனை ஐந்து வருஷம் அலைக்கழித்த அதே பிரச்சினை, வேறு வேதியியலில்.

அதற்குத்தான் செல்லுக்கு உள்ளேயே சென்சார் வைக்கும் முயற்சி. முடியளவு கண்ணாடி இழையில், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும்படி கோடுகள் போட்டிருப்பார்கள். பிராக் கிரேட்டிங் என்று பெயர். சூடானாலும் இழுபட்டாலும் அந்த அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு டிகிரிக்கு சுமார் 10 பிகோமீட்டர். மின்சாரமே ஓடாத இழை என்பதால் உள்ளே ஷார்ட் ஆகாது. பிரான்சில் ழான்-மாரி தாராஸ்கோன் குழு 2020-ல் 18650 செல்லுக்குள்ளேயே இதைச் செருகி, சார்ஜ் ஏறும்போது வெப்பமும் அழுத்தமும் எப்படி மாறுகிறது என்று செல்லை வெட்டாமலே படித்துக் காட்டியது. சிக்கல் என்னவென்றால் டேசிமீட்டர் மாதிரியே, வெப்பம் எது, இழுவை எது என்று பிரிக்க இரண்டாவது இழையோ வேறு ஏற்பாடோ வேணும். விலையும் இன்னும் காருக்கு ஒத்துவரும் இடத்துக்கு வரவில்லை.

எடிசன் 1931 அக்டோபர் 18-ல் வெஸ்ட் ஆரஞ்சில், 84 வயதில் இறந்தார். அவர் பேட்டரி அவரைத் தாண்டி ஓடியது. அமெரிக்காவில் அந்த செல்லின் உற்பத்தி நின்றது 1975-ல்தான். பழைய கார் சேகரிப்பவர்கள் சிலரிடம் அந்த எஃகு டப்பாக்கள் இன்னும் இருக்கின்றன. கழுவி, புதுக் காரக் கரைசல் ஊற்றி, சில சுற்று சார்ஜ் ஏற்றி இறக்கினால் பல செல்கள் எழுந்துவிடுகின்றன. எது எழுந்தது, எது எழவில்லை என்று பார்க்க, அவர்கள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மல்டிமீட்டரோடு ஒவ்வொரு செல்லாகப் போகிறார்கள்.